ஊர்த் தேவாலயத்தின் சுவரைப் படிப்பது எப்படி

இங்கிலாந்தில் கிராமத்துப் பக்கம் காரில் போனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தேவாலயக் கோபுரம் கண்ணில் படும். இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும் சுமார் 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. பல பகலில் திறந்தே கிடக்கும், உள்ளே போகக் காசு கேட்பதில்லை. ஆனால் நம்மவர்கள் பலர் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அழகா இருக்கே, எப்போ கட்டினது?" என்று கேட்டு, வாசல் மேசையில் இருக்கும் துண்டுத்தாளில் 12ஆம் நூற்றாண்டு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அத்தனையும் அந்த ஐந்து நிமிடத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கட்டடங்கள் யாரோ ஒருவர் வரைபடம் போட்டு ஒரே மூச்சில் எழுப்பியவை இல்லை. ஒரு சின்னக் கல் அறையாக ஆரம்பித்து, ஊரில் ஜனம் பெருகினால் பக்கவாட்டில் ஒரு கூடம், கம்பளி விற்ற காசு சேர்ந்தால் ஒரு கோபுரம், கொள்ளைநோய் வந்தால் வேலை பாதியில் நிறுத்தம், அரசர் மதத்தை மாற்றினால் சுவருக்கு வெள்ளையடிப்பு என்று எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் வளர்ந்தும் தேய்ந்தும் வந்தவை. அதனால் எப்போது கட்டியது என்று கேட்பதை விட்டுவிட்டு, இதில் எது முதலில், எது அப்புறம் என்று கேட்கப் பழகுங்கள். பதில் துண்டுத்தாளில் இருக்காது, ஒரு காலத்து வேலையும் இன்னொரு காலத்து வேலையும் சந்திக்கும் ஒட்டில் இருக்கும். ஒட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் போதும், பாணிகளின் பெயர்கள் தானாக மனதில் ஏறிவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், லிங்கன்ஷயரில் ஹம்பர் ஆற்றின் தென்கரையில் இருக்கும் பார்ட்டன் அபான் ஹம்பர் ஊரின் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம். அதன் கோபுரச் சுவரில் மெல்லிய கல் பட்டைகள் ஒட்டிவைத்தாற்போல மேலே ஓடும். கீழ் அடுக்கில் அவை அரைவட்ட வளைவுகளாக முடிகின்றன. அதற்கு மேல் அடுக்கில் இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி முக்கோணமாக முடிகின்றன. உச்சி அடுக்கில் மட்டும் பட்டையே கிடையாது, கல்வேலையும் வேறு மாதிரி. 1819இல் தாமஸ் ரிக்மன் என்ற கட்டடக் கலைஞர் இதைப் பார்த்து யோசித்தார்: உச்சி நார்மன் காலத்துக் கைவேலைபோலத் தெரிகிறது என்றால், அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் கீழ்ப்பகுதி அதற்கு முந்தியதாகத்தானே இருக்க வேண்டும்? அதாவது 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன்பு, இங்கே இருந்த ஆங்கிலோ-சாக்ஸன்கள் கட்டியது. எந்த ஆவணமும் இல்லாமல், எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிட்டார். நீங்கள் செய்யப்போவதும் இதேதான்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு நல்ல டார்ச், சின்ன பைனாகுலர், ஒரு நோட்டு, பென்சில், வெயில் காலமாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர் (கெட்டிக் கல் சுவருக்குள்ளே ஜூலையிலும் குளிரும்). ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், முகமண்டபத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், சாவி யார் வீட்டில் கிடைக்கும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கதவு திறக்கவில்லை என்று நினைப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கனத்த இரும்பு வளையத்தைச் சரியாகத் திருகாதவர்கள்தான். இரண்டு பக்கமும் திருகிப் பார்த்து, கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்கள்.

சரி, இப்போது வாசலுக்கு வந்தாயிற்று. உள்ளே போகாதீர்கள். முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று.

திசையைத் தெரிந்துகொள்வது சுலபம். பீடம் இருக்கும் முனை கிழக்கு, கோபுரம் பெரும்பாலும் மேற்கு, நீங்கள் நுழையும் வாசல் அநேகமாகத் தெற்கு. மக்கள் கூடும் நீளமான பகுதிக்கு நேவ் என்று பெயர். அதற்குக் கிழக்கே, கூரை தாழ்ந்து, அகலம் குறைந்து நிற்கும் பகுதி சான்சல், அது பாதிரியாரின் இடம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், ஒன்று ஆடம்பரமாகவும் மற்றது ஏனோதானோ என்றும் இருப்பதை நிறையப் பார்ப்பீர்கள். அதற்குக் காரணம் பணம் வந்த வழி: சான்சலைப் பராமரிப்பது ரெக்டரின் (ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்கும் உரிமை உள்ளவர், அது ஒரு மடமாகவும் இருக்கலாம்) பொறுப்பு, நேவைப் பராமரிப்பது ஊர் மக்களின் பொறுப்பு. ஊர் செழித்து ரெக்டர் கைவிட்ட இடத்தில் நேவ் ஓங்கி நிற்கும், ரெக்டர் பணக்கார மடமாக இருந்து மனமும் வைத்திருந்தால் சான்சல் ஓங்கி நிற்கும். இது செத்துப்போன சட்டம் என்று நினைக்க வேண்டாம். வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ தேவாலயத்தின் சான்சலைப் பழுதுபார்க்கும் செலவு, அந்தப் பழைய கடமையோடு சேர்ந்து வந்த நிலத்தை வைத்திருந்தவர்கள் தலையில்தான் என்று 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

சுற்றிவரும்போது கல்லைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கல்லை ரொம்பத் தூரம் இழுத்துப்போவது பெரும் செலவு, அதனால் சுவர் அந்த மண்ணையே காட்டும். காட்ஸ்வோல்ட்ஸில் தேன் நிறச் சுண்ணாம்புக்கல், ஹெரஃபோர்ட்ஷயரில் சிவப்பு மணற்கல், நார்ஃபோக், சஃபோக் பக்கம் வயலில் பொறுக்கிய சக்கிமுக்கிக் கல். சக்கிமுக்கிக் கல்லில் ஓர் உபாதை, அது முட்டை முட்டையாக இருக்கும், அதை வைத்து நேரான மூலை கட்ட முடியாது. மூலைக்கு வெளியூரிலிருந்து சதுரக் கல் வரவழைக்க வேண்டும். இங்கிலாந்தின் வட்டக் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு மாவட்டங்களில் இருப்பதற்கு அதுவே காரணம் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். வட்டத்துக்குத்தான் மூலையே கிடையாதே. ஆனால் அதே ஊர்களில் அதே கல்லால் கட்டிய சாக்ஸன், நார்மன் நேவ்களுக்கு மூலைகள் இருக்கின்றன. அதனால் அந்தக் கோபுர வடிவம் அவர்கள் விரும்பியே எடுத்துக்கொண்டது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

மூலைகளை நின்று பாருங்கள். ஒரு நீளக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் ஒரு தட்டைக் கல்லைப் படுக்கவைத்து, மறுபடி நீளக் கல், மறுபடி தட்டைக் கல் என்று மாறிமாறிப் போகிறதா? அது சாக்ஸன் வேலை. நார்தாம்ப்டன்ஷயரில் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தில் இதை ஒரு முறை பார்த்துவிட்டால் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அது 10ஆம் நூற்றாண்டின் இறுதி வேலை. கல் சில சமயம் பழைய கட்டடத்திலிருந்து எடுத்ததாகவும் இருக்கும். டர்ஹாம் பக்கத்து எஸ்கோம்பில் கிபி 670க்குப் பக்கமாக எழுப்பிய தேவாலயத்துக்கு அருகிலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையின் கற்களை எடுத்து வந்திருக்கிறார்கள். ரோமானிய ஆறாவது படையணியின் பெயர் வெட்டிய கல் ஒன்று அங்கே வடக்குச் சுவரில் தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது. கட்டிய கொத்தனாருக்கு அந்த எழுத்து முக்கியமில்லை, கல் நன்றாக இருந்தது, எடுத்து வைத்துவிட்டார்.

அடுத்து ஜன்னல்கள். ரிக்மன்தான் 1817இல் இந்தப் பாணிகளுக்குப் பெயர் கொடுத்தார், இன்றைக்கும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். சின்னதாக, அரைவட்டத் தலையோடு, கெட்டிச் சுவரில் துளை போட்டதுபோல இருந்தால் நார்மன், 1066 முதல் சுமார் 1190 வரை. கதவு வளைவில் கோணல்மாணலாக ரம்பப்பல்போல ஓடும் செதுக்கு வேலையும் அவர்களுடையதுதான். தலை கூராகி, ஈட்டி முனைபோல ஒடுங்கி உயர்ந்து நின்றால் எர்லி இங்கிலிஷ், 13ஆம் நூற்றாண்டு. ஜன்னலின் மேல்பகுதியில் கல் கொடிபோல வளைந்து இலையும் வட்டமும் தீச்சுடருமாகப் பின்னிக்கொண்டால் டெக்கரேட்டட், சுமார் 1350 வரை. இதில் ஒரு வளைவு வரும், அரசிலையின் நுனியைப் போல, பக்கம் வெளியே புடைத்துப் பிறகு உள்வாங்கி ஒரு கூர்முனையில் போய் முடியும். அதைப் பார்த்தால் அநேகமாக 1300க்குப் பிறகுதான். கடைசியில் பெர்பென்டிகுலர், சுமார் 1350 முதல் 1530கள் வரை. கல் கம்பிகள் வளையாமல் அடியிலிருந்து வளைவு வரை நேராக ஏறிப்போகும், குறுக்கே சட்டம் ஓடும், ஜன்னல் சுவரையே விழுங்கிவிடும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

டெக்கரேட்டடுக்கும் பெர்பென்டிகுலருக்கும் நடுவே 1348-49இன் கொள்ளைநோய் நிற்கிறது. பாணி மாறியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, நேர்க்கம்பி மோகம் அதற்கு முன்பே லண்டனிலும் க்ளாஸ்டரிலும் தொடங்கிவிட்டது. ஆனால் ஊர்த் தேவாலயங்களில் ஒரு வேலை பாதியில் நின்று, ஒரு தலைமுறை கழித்து வேறு ஆட்கள் வேறு பாணியில் முடித்துவைத்ததை அங்கங்கே பார்க்கலாம். அதற்கப்புறம் கம்பளி வியாபாரத்தில் பணம் குவிந்த ஊர்களில் பிரம்மாண்டங்கள் எழுந்தன. சஃபோக்கில் லாங் மெல்ஃபோர்டுக்குப் போனால் மேல் வரிசை ஜன்னல்களுக்கு அடியில், வெளிச்சுவரிலேயே, கருங்கல்போல மின்னும் சக்கிமுக்கிக்கும் வெள்ளைக் கல்லுக்கும் நடுவே, பணம் கொடுத்தவர்களின் பெயர்களும் அவர்கள் ஆத்துமாவுக்காக ஜெபியுங்கள் என்ற வேண்டுதலும் எழுத்தாக ஓடுகின்றன. க்ளாஸ்டர்ஷயரின் ஃபேர்ஃபோர்டை ஜான் டேம் என்ற கம்பளி வியாபாரி திரும்பக் கட்டத் தொடங்கி, அவர் மகன் முடித்தார். அதன் 28 ஜன்னல்களிலும் அந்தக் காலத்து வண்ணக் கண்ணாடி அப்படியே நிற்கிறது. அங்கே போகும்போது பைனாகுலரை மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜன்னல் சுவரின் வயதைச் சொல்லாது. வெளிச்சம் போதவில்லை என்று பழைய சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைப்பது எல்லாக் காலத்திலும் நடந்தது. ஆகவே ஜன்னலைப் பார்த்ததும் அதன் ஓரங்களைப் பாருங்கள். சுற்றியுள்ள கல் வரிசை ஜன்னல் சட்டத்தோடு இசைந்து வருகிறதா, அல்லது அறுந்துபோய் சின்னச் சின்னக் கற்களால் ஒட்டுப்போட்டிருக்கிறதா? அறுந்திருந்தால் ஜன்னல் பிறகு வந்தது, சுவர் அதற்கு மூத்தது.

வெளியே தேட வேண்டிய இன்னும் இரண்டு மூன்று ஒட்டுகள் உண்டு. கோபுரத்தின் கிழக்கு முகத்தில், நேவின் கூரைக்கு மேலே, தலைகீழ் வி வடிவத்தில் ஒரு கல் வரப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அது பழைய கூரை முட்டிய இடம். முன்பு ஓலைக்கோ ஓட்டுக்கோ கூரை செங்குத்தாக இருந்தது. பிறகு ஈயத் தகடு போட்டுத் தட்டையாக்கினார்கள், ஈயம் கனமானது, செங்குத்தான சரிவில் காலப்போக்கில் வழுக்கி இறங்கும், தட்டையாக இருந்தால் தங்கும். கூரை இறங்கிவிட்டது, வடு நின்றுவிட்டது. அப்புறம் தெற்குச் சுவரில் வாசலுக்குப் பக்கமாக, கண் மட்டத்தில், நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து கீழே விசிறிபோலக் கீறல்களும் இருக்கலாம். பூசை நேரம் தெரிந்துகொள்ள வைத்த சூரியக் கடிகாரம் அது. துளையில் ஒரு குச்சி இருந்திருக்கும். இதே கீறல் வெயிலே படாத முகமண்டபத்துக்குள்ளே இருந்தால் உடனே நில்லுங்கள்: நிழலில் யாரும் சூரியக் கடிகாரம் வைக்கமாட்டார்கள், அப்படியானால் அந்த மண்டபம் பிறகு கட்டியது, அல்லது கல் வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு விரல் நீளக் கீறல் ஒரு முழு மண்டபத்தின் வயதைச் சொல்லிவிடுகிறது, எனக்கு இந்தக் கட்டடங்களில் ரொம்பப் பிடித்த விஷயம் இது.

வடக்குப் பக்கம் அடைத்துவைத்த ஒரு வாசல் இருக்கும். ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியேறுவதற்கு வைத்த கதவு என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். மத்திய காலத்தில் பவனி அந்த வழியாகத்தான் வெளியே போய்ச் சுற்றி வந்தது, 16ஆம் நூற்றாண்டில் பவனிகள் நின்றுபோனதும் குளிர்காற்று வரும் அந்தக் கதவால் பிரயோஜனம் இல்லாமல் போனது, அடைத்துவிட்டார்கள். இதே மாதிரி, சான்சல் கொஞ்சம் கோணலாக இருந்தால் சிலுவையில் சாய்ந்த இயேசுவின் தலையைக் குறிக்கிறது என்பார்கள். உண்மையில் நேவ் ஒரு காலத்தில், சான்சல் இன்னொரு காலத்தில், நடுவே பழைய கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போது கயிறு பிடித்து அளந்தால் கோடு பிசகத்தான் செய்யும். அந்தக் கோணலே இரண்டும் ஒரே வேலை இல்லை என்பதற்குச் சாட்சி.

இப்போது உள்ளே வாருங்கள். நுழையும்போது வாசல் வளைவைக் கவனியுங்கள், ஹெரஃபோர்ட்ஷயரின் கில்பெக்கில் இருப்பதுபோல. சுமார் 1140இல் செதுக்கிய அந்தச் சிவப்பு மணற்கல் வாசலில் பாம்பும் கொடியும் பறவையும் இன்றைக்கும் நேற்று செதுக்கியதுபோல இருக்கின்றன, கூரை ஓரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட சின்னத் தலைகளும் மிருகங்களும், ஒரு நாயும் முயலும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பது உட்பட. கில்பெக் வாசல் அதன் இடத்திலேயே நிற்கிறது. மற்ற ஊர்களில் 14ஆம் நூற்றாண்டுப் பக்கக்கூடச் சுவரில் ஒரு நார்மன் வாசல் இருந்தால் குழம்ப வேண்டாம். கூடத்தை அகலப்படுத்தியபோது பழைய வாசலைக் கல் கல்லாகப் பிரித்து வெளிச்சுவருக்கு நகர்த்தியிருப்பார்கள். வளைவில் ரம்பப்பல் வரிசை ஓரிடத்தில் சரியாகச் சேராமல் தடுமாறினால், திரும்பக் கோத்தபோது விட்ட பிழை அது.

உள்ளே போனதும் மேற்கு முனையில், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பாருங்கள். தொட்டியின் விளிம்பையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள், இரண்டு எதிரெதிர் இடங்களில் கல் உடைந்து ஒட்டுப்போட்டிருக்கும். மந்திரித்த நீரை யாரும் எடுத்துப்போய்விடாதபடி மூடி போட்டுப் பூட்டிய இரும்புக் கொக்கிகள் இருந்த இடம் அது.

நேவுக்கும் பக்கக்கூடங்களுக்கும் நடுவே தூண் வரிசை இருக்கிறதல்லவா, இங்கேதான் ரிக்மனின் கீழே இருப்பது மூத்தது என்ற கணக்கு தலைகீழாகிறது, இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கட்டடம் புரிந்ததுபோல. முதலில் நேவ் மட்டும்தான் இருந்தது, அதன் இரு பக்கமும் கெட்டிச் சுவர். இடம் போதவில்லை. ஆனால் ஆராதனையை நிறுத்த முடியாது. அதனால் வெளியே கொஞ்சம் தள்ளிப் புதுச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, எல்லாம் தயாரானதும் பழைய சுவரில் வளைவு வளைவாக உடைத்துத் திறந்து, அடியில் தூண்களைச் செருகினார்கள். அதாவது தூணுக்கு மேலே இருக்கும் சுவர் தூணைவிட மூத்தது! நிமிர்ந்து பாருங்கள், வளைவுகளுக்கு மேலே, எதற்கும் பயனில்லாமல், வெளியைப் பார்க்காமல் பக்கக்கூடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, பாதி வெட்டுப்பட்ட ஒரு சின்ன அரைவட்ட ஜன்னல் இருக்கலாம். அதுதான் பழைய வெளிச்சுவர். அதைக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

வடக்குத் தூண் வரிசையையும் தெற்கு வரிசையையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் உருண்டையான குண்டுத் தூண், அரைவட்ட வளைவு. மறுபக்கம் எட்டுப்பட்டைத் தூண், கூர் வளைவு. அப்படியானால் இரண்டு கூடமும் இரண்டு தலைமுறை வேலை. கிழக்குக் கோடியில் ஒரு வளைவு மட்டும் மற்றவற்றைவிட அகலமாகவோ, தூணுக்குப் பதில் ஒரு துண்டுச் சுவரோடோ நின்றால், அங்கே நேவை நீட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

சான்சலுக்குள் போய்த் தெற்குச் சுவரைப் பாருங்கள். மாடப்பிறைபோல ஒரு சின்னக் குழி, அடியில் கிண்ணம், நடுவில் ஓட்டை. இது பிசினா, பாதிரியார் பாத்திரம் கழுவிய புனித நீர் சுவருக்குள்ளேயே இறங்கி மண்ணுக்குப் போகும் வழி. இதை வைத்து இரண்டு விஷயம் கண்டுபிடிக்கலாம். ஒன்று, பக்கக்கூடத்தின் கிழக்குக் கோடியில், இப்போது நாற்காலிகளோ ஆர்கனோ அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பிசினா தென்பட்டால் அங்கே ஒரு காலத்தில் தனிப் பீடம் இருந்தது. இன்னொன்று, நின்றபடி கை கழுவ வேண்டிய பிசினா உங்கள் முழங்கால் உயரத்தில் இருந்தால் தரை உயர்ந்துவிட்டது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பீடத்துக்குப் படிகள் வைத்து உயர்த்தியிருப்பார்கள். கிண்ணத்தின் உயரத்தை அளந்து பழைய தரையை மனதில் போட்டுப் பாருங்கள், அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிடும்.

நேவும் சான்சலும் சேரும் வளைவுக்குப் பக்கத்தில், சுவருக்குள் ஒரு குறுகிய படிக்கட்டு ஏறி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கதவில் முடிந்து, அதற்கப்புறம் வெறும் அந்தரம். பல ஊர்களில் இருக்கும். அங்கே குறுக்கே ஒரு மர மேடையும் அதன்மேல் பெரிய சிலுவையும் இருந்தன, 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டு விலகிய மதச் சீர்திருத்தத்தில் சிலுவைகளை இறக்கினார்கள், மேடைகளை அகற்றச் சொல்லி 1561இல் எலிசபெத் ராணியின் ஆணை வந்தது. மரத்தை எடுத்துவிடலாம், சுவருக்குள் இருக்கும் படியை எடுக்க முடியாதே. எட்டாம் ஹென்றியின் மகன் எட்வர்டின் ஆட்சியில், 1547இலிருந்து, சுவரோவியங்கள் மேல் சுண்ணாம்பு பூசினார்கள். சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் கடைசித் தீர்ப்பு நாளின் ஓவியம் இப்படி வெள்ளைக்குள் மறைந்த மரப் பலகைகளாக இருந்தது. 1892இல் பழுதுபார்க்கும் வேலையில் பலகைகளைக் கழற்றி, எரிக்கலாம் என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து முகங்கள் வெளியே வந்துவிட்டன. இப்போது அது அந்தத் தேவாலயத்துக்குள்ளே இருக்கிறது, அவசியம் போய்ப் பாருங்கள்.

உடைப்பு எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டுவதும் வழக்கம். 1643-44இல் சஃபோக்கிலும் கேம்பிரிட்ஜ் பக்கமும் சிலைகளையும் கண்ணாடிகளையும் உடைத்துக்கொண்டு போன வில்லியம் டவ்சிங் ஒரு நாட்குறிப்பே வைத்திருந்தார், அதனால் அவர் போன ஊர்கள் தெரியும். பிளைத்பர்கில் கூரையிலிருக்கும் மரத் தேவதூதர்களின் உடம்பில் ஈயக் குண்டுகள் இருப்பதற்கு அவர் ஆட்கள் சுட்டதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொன்னார்கள். ஆனால் அது 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் கூடுகட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுட்டது, அதற்குக் கூலி கொடுத்த கணக்கு தேவாலயப் பதிவிலேயே இருக்கிறது.

கடைசி அடுக்கு விக்டோரியா காலம். பளபளக்கும் பூ ஓடு பதித்த தரை, ஒரே அளவில் வரிசையாக நிற்கும் வார்னிஷ் அடித்த பெஞ்சுகள், ஓரம் கொஞ்சமும் மழுங்காத கூரான கல் வெட்டு, நான்கு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற ஜன்னல்கள் என்றால் 19ஆம் நூற்றாண்டுக் கை பட்டிருக்கிறது. அப்போது பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, தங்களுக்குப் பிடித்த ஒரு நூற்றாண்டுக்கே கட்டடத்தைத் திருப்பிக் கொண்டுபோக முயன்றார்கள். இதைப் பொறுக்க முடியாமல்தான் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார், அது இன்றும் இயங்குகிறது. நான் மாரிஸ் பக்கம்தான். பூச்சைச் சுரண்டினால் ஒட்டுகளும் போய்விடும், ஒட்டு போனால் படிக்க எதுவும் மிஞ்சாது. ஆனாலும் அந்தக் காலத்து ஆட்கள் கூரையை மாற்றியிராவிட்டால் பல கட்டடங்கள் இடிந்தே போயிருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு நோட்டில் ஒரு எளிய தரைப்படம் போடுங்கள். அழகாக வேண்டாம், நான்கு கட்டம் போதும்: கோபுரம், நேவ், கூடங்கள், சான்சல். ஒவ்வொன்றுக்கும் வருஷம் எழுதாதீர்கள், 1, 2, 3 என்று வரிசை எண் மட்டும் எழுதுங்கள், சந்தேகம் வந்தால் கேள்விக்குறி. வீட்டுக்கு வந்து, பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் அந்தத் தேவாலயத்தைத் தேடினால் கட்டடக் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். உங்கள் வரிசையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை பிசகும், ஐந்தாவது ஊரில் உங்கள் கேள்விக்குறி விழுந்த அதே இடத்தில் அவர்களும் தயங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

கிளம்புமுன் டார்ச்சை எடுத்து, கோபுரத்தின் அடியில் உள்சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வாக அடித்தால் கீறல்களுக்கு நிழல் விழும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல் கோபுரத்துக்குள் வடக்குச் சுவரில் இப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே கல் நகத்தால் கீறினாலே விழும் மென்மையான சுண்ணக்கல், அதில் யாரோ லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1350, பரிதாபமான கொடுங்காலம், மிஞ்சியிருப்பவர்கள் ஜனங்களின் கசடு மட்டும் என்று. அதே இடத்தில் 1361 என்ற வருஷமும், உலகத்தையே உலுக்கிய ஒரு பெரும்புயலும். அருகிலேயே, லண்டன் பெருந்தீயில் போன பழைய செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் படம், யாரோ நேரில் பார்த்த ஞாபகத்தில் கீறியது. தொடாமல் பாருங்கள், அந்தக் கல் விரல் பட்டாலே தேயும்.

வெளியே வரும்போது உண்டியலில் ஏதாவது போடுங்கள், கூரை ஈயத்துக்கும் மழைநீர்க் குழாய்க்கும் அந்தக் காசுதான் போகிறது. முகமண்டபத்தில் கம்பிவலைக் கதவு இருந்தால் அதைச் சாத்திவிட்டு வாருங்கள், திறந்து கிடந்தால் தகைவிலான் குருவிகள் உள்ளே போய் மாட்டிக்கொண்டு, தண்ணீர் கிடைக்காமல் செத்துப்போகும்.